பால், வெண்ணெய், சீஸ் இல்லாத உருளைக்கிழங்குத் தட்டு (கிறிஸ்துமஸ் விருந்து): சாஸ் திரிகிறது, கிழங்கு வேகவில்லை

பனிக்காலம் எழுதியது:

டிசம்பர் 25 இரவு டொராண்டோவில் எங்கள் வீட்டில் 12 பேருக்கு விருந்து. வருகிறவர்களில் ஒரு குழந்தைக்குப் பால் ஆகாது. அந்தக் குழந்தைக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைக்க மனமில்லை. மேசைக்கு வரும் உருளைக்கிழங்கு எல்லாமே பால் கலக்காததாக இருந்துவிட்டால் யாரும் யோசிக்காமல் எடுத்துச் சாப்பிடலாம்.

சீஸும் கிரீமும் விட்டு அடுக்கடுக்காக ஓவனில் வைக்கும் தட்டைத் தேங்காய்ப்பாலில் ஒரு முறை செய்து பார்த்தேன். யூகான் கோல்ட் கிழங்கு 1.5 கிலோ, 3 மி.மீ. கனத்தில் சீவி, தண்ணீரில் மூன்று முறை அலசியது. 400 மி.லி. தேங்காய்ப்பால் டின் இரண்டு. பூண்டு, உப்பு, மிளகு. சீஸின் லேசான புளிப்புக்காக எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி. 9க்கு 13 அங்குலத் தட்டு, 400 டிகிரி ஃபாரன்ஹீட், மூடாமல் ஒரு மணி நேரம்.

பால் தயிர்போலத் திரிந்து, மேலே எண்ணெயும் அடியில் தண்ணீருமாகப் பிரிந்தது. மேலடுக்கு கருகும் நிலையிலும் நடுக்கிழங்கு நறுக்கென்று கடிபட்டது. தேங்காய் வாசனையும் தூக்கல்.

1) எங்கே தவறு? 2) வெண்ணெய் இல்லாமல் மசித்த கிழங்கை வழுவழுப்பாகச் செய்ய முடியுமா? 3) எதை முதல் நாளே செய்து வைக்கலாம்?

கல்லடுப்பு எழுதியது:

உங்கள் இரண்டு தொல்லைக்கும் பெரும்பங்கு அந்த எலுமிச்சைதான். நம் வீடுகளில் புளிக்குழம்புக்குக் காய் வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றுகிறோமே, அதே காரணம். காய்கறியின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். புளிப்பான நீரில் அது எளிதில் கரையாது, அதனால் எவ்வளவு நேரம் வெந்தாலும் துண்டு விறைப்பாகவே நிற்கும். அதே புளிப்பு தேங்காய்ப்பாலின் புரதத்தையும் திரள வைத்துவிடும். எலுமிச்சையோ வினிகரோ தக்காளியோ, எதுவானாலும் கிழங்கு முழுதாக வெந்த பிறகுதான்.

மற்றவை சின்னவை. தேங்காய்ப்பாலை 400 டிகிரியில் தனியாகக் கொதிக்கவிட்டால், எலுமிச்சை இல்லாவிட்டாலும் எண்ணெய் பிரியும். அதைப் பிடித்துவைக்க மாவுச்சத்து வேண்டும். கிழங்கை அலசியபோது அந்த மாவுச்சத்தும் சாக்கடைக்குப் போய்விட்டது. மொறுமொறு வறுவலுக்கு அலசுவது சரி, இந்தத் தட்டுக்கு அலசவே கூடாது. கருத்துப்போகும் என்ற பயம் இருந்தால் சாஸைத் தயார் செய்துவிட்டுக் கடைசியில் சீவுங்கள்.

பசும்பால் இல்லை என்றவுடன் அதற்கு மாற்றாக எந்தப் பால் என்று தேடத் தோன்றும். பசும்பால் இந்தத் தட்டில் மூன்று வேலை செய்கிறது: கொழுப்பு தருகிறது, வேகும் நீராகிறது, மேற்பரப்பைச் சிவக்க வைக்கிறது. மூன்றையும் ஒரே டப்பாவிடம் கேட்காதீர்கள். கொழுப்புக்குத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும், நீருக்குக் காய்கறி ஸ்டாக், சிவப்புக்கு ரொட்டித்தூள். தேங்காய்ப்பால் பாதியாகக் குறைவதால் வாசனையும் அடங்கும்.

12 பேருக்கு, அதே 9க்கு 13 அங்குலத் தட்டுக்கு:

கிழங்கு 1.6 கிலோ (யூகான் கோல்ட் நல்ல தேர்வு)
கொழுப்பு குறைக்காத தேங்காய்ப்பால் 400 மி.லி., ஒரு டின்
உப்பில்லாத காய்கறி ஸ்டாக் 450 மி.லி.
வாசனை இல்லாத எண்ணெய் 3 மேசைக்கரண்டி
மைதா 25 கிராம், ஏறக்குறைய 3 மேசைக்கரண்டி
பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல்
உப்பு 15 கிராம், மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, ஜாதிக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, காய்ந்த தைம் 1 தேக்கரண்டி
மேலே தூவ ரொட்டித்தூள் 60 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி

அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, மெலிதாக அரிந்த வெங்காயத்தைச் சிறு தீயில் 8 நிமிடம் வதக்குங்கள். கண்ணாடிபோல் ஆனால் போதும், சிவக்க வேண்டாம். பூண்டு சேர்த்து ஒரு நிமிடம். பிறகு மைதா போட்டு 2 நிமிடம் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, ஸ்டாக்கை மூன்று தவணையாக ஊற்றி விஸ்க்கால் கலக்குங்கள். முதல் தவணையில் கட்டியில்லாத கூழாகிவிட்டால் பிறகு கட்டி விழாது. தேங்காய்ப்பால், உப்பு, வாசனைப் பொருள்கள் சேர்த்து மீண்டும் அடுப்பில் வைத்து, ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்குங்கள். இந்த நிலையில் சாஸ் நீர்த்ததாகத்தான் தெரியும், மாவு கூட்டிவிடாதீர்கள். கிழங்கின் மாவுச்சத்து இறங்கும்போது தானே கெட்டிப்படும்.

சீவிய கிழங்கை அப்படியே இந்தச் சாஸில் போட்டு, மெல்லிய கொதியில் 8 நிமிடம். துண்டை எடுத்தால் உடையாமல் வளைய வேண்டும், அதுதான் அடையாளம். மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டுங்கள், அடிபிடிக்கப் பார்க்கும். ஓவனில் நடுப்பகுதி வேகாமல் போவதற்கு இந்த 8 நிமிடமே மருந்து, ஏனென்றால் தட்டு உள்ளே போகும்போதே நடுக்கிழங்கும் சூடாக இருக்கிறது.

எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி அழுத்திச் சமப்படுத்துங்கள். சாஸ் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். ஃபாயிலால் இறுக்கி மூடி 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (190 செல்சியஸ்) 40 நிமிடம். நடுவில் கத்தி தடையில்லாமல் இறங்கினால் திறந்து, எண்ணெயில் பிசறிய ரொட்டித்தூளைத் தூவி இன்னும் 20–25 நிமிடம். வெளியே எடுத்து 15 நிமிடம் தொடாதீர்கள். சூடாக வெட்டினால் சாஸ் ஓடும், ஆறும்போது இறுகிக்கொள்ளும்.

புளிப்பு வேண்டுமென்றால், பரிமாறும்போது மேலே எலுமிச்சைத் தோலைத் துருவி விடுங்கள். சாறு தேவையே இல்லை.

குன்னூர்க்கிழங்கு எழுதியது:

கிழங்கு வகையைப் பற்றி ஒரு வார்த்தை. யூகான் கோல்ட் உங்கள் ஒன்டாரியோவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-இல் சந்தைக்கு வந்தது. மாவுத்தன்மை நடுத்தரம், அதனால் அடுக்குத் தட்டுக்கும் மசியலுக்கும் இரண்டுக்கும் ஒத்துவரும். ரஸட் மசிக்கவும் ஓவனில் மொறுமொறுப்பாக்கவும் உகந்தது, அடுக்கில் வைத்தால் கரைந்துவிடும். சிவப்புத்தோல் கிழங்கு கறிக்கு நல்லது. அதை மசித்தால் பசையாகும்.

வெண்ணெய் இல்லாத மசியல் கண்டிப்பாக முடியும். அளவு: கிழங்கு 2 கிலோ, மென்மையான ஆலிவ் எண்ணெய் 120 மி.லி., கிழங்கு வெந்த தண்ணீர் 200–300 மி.லி., முழுப் பூண்டு 2.

பூண்டின் தலையைச் சீவி, எண்ணெய் தடவி, ஃபாயிலில் சுற்றி 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 40–45 நிமிடம் சுடுங்கள். பிதுக்கினால் அல்வாபோல் வரும். வெண்ணெயின் இனிப்புச் சுவைக்கு ஈடு கொடுப்பது இதுதான்.

கிழங்கைத் தோல் சீவி 4 செ.மீ. துண்டுகளாக்கி, குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து உள்ளே கட்டி நிற்கும். 3 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. கொதி வந்தபின் 15–20 நிமிடம். வடிக்கும்முன் இரண்டு கப் வேகவைத்த நீரை எடுத்து வையுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்தே மசியலுக்கு உடம்பு கொடுக்கும், வெறும் வெந்நீர் கொடுக்காது.

வடித்த கிழங்கை அதே பாத்திரத்தில் சிறு தீயில் 2 நிமிடம் குலுக்குங்கள். ஆவி போய் மேலே வெள்ளை பூத்தாற்போல் வர வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது, ஓரத்தில் மிதக்கும்.

மசிப்பதற்கு ரைசர் இல்லையென்றால் வாங்க வேண்டாம், இடியப்ப உரல் போதும். சேவைக்குரிய மெல்லிய அச்சை விட்டுவிட்டு, காராச்சேவுக்குப் போடும் பெரிய துளை அச்சைப் போட்டுச் சூட்டோடு பிழியுங்கள். மிக்ஸி, பிளெண்டர், கைப்பிளெண்டர் மூன்றும் கூடாது. அந்த வேகத்தில் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியே வந்து, மசியல் போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். அப்படி ஆனதைத் திருப்ப வழியே கிடையாது.

முதலில் எண்ணெய், பிறகு நீர். எண்ணெய் மாவுச்சத்தின்மேல் பூசிக்கொண்டால் நீர் பட்டாலும் பசையாவது குறையும். நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும், கால் கப் கால் கப்பாக ஊற்றி மரக்கரண்டியால் புரட்டுங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், வெண்ணெய் இல்லாத மசியல் உப்பு இன்னும் சற்று கேட்கும்.

எண்ணெயில் ஒரு எச்சரிக்கை: தொண்டையில் காரும் எக்ஸ்ட்ரா விர்ஜினை முழு அளவுக்கும் போட்டால் கசப்பு தலைதூக்கும். சாதா ஆலிவ் எண்ணெய் 100 மி.லி., பரிமாறும்போது மேலே எக்ஸ்ட்ரா விர்ஜின் 20 மி.லி. என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓவன்மேடை எழுதியது:

ஓட்ஸ் பால் ஊற்றினாலே மசியல் கிரீம் போட்டதுபோல் வருமே? அதுதான் எளிது.

குன்னூர்க்கிழங்கு எழுதியது:

வழுவழுப்பு வரும், சுவை கெடும். ஓட்ஸ் பால் தயாரிக்கும்போது நொதி ஓட்ஸின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது, சர்க்கரை சேர்க்காத டப்பாவிலும் இனிப்பு இருக்கும். உப்புச் சமையலில் அது தெரியும். டப்பாப் பால்தான் வேண்டுமென்றால் இனிப்பும் வனிலாவும் சேராத சோயா பால் நல்லது, புரதமும் இருக்கிறது. அட்டையில் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தது. 'அன்ஸ்வீட்டன்ட்' என்ற சொல்லைப் பார்த்து எடுங்கள். சோயாவும் புளிப்பில் திரியும், அதனால் எலுமிச்சை விதி அதற்கும் பொருந்தும்.

நிழல்மரம் எழுதியது:

சமையல் குறிப்பை விட முக்கியமான ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்கு லாக்டோஸ் செரிக்காத பிரச்சினையா, பால் புரத ஒவ்வாமையா? இரண்டும் வேறு. முதலாவதில் வயிறு உப்பும், கழியும். இரண்டாவதில் துளி பட்டாலே மூச்சுத் திணறல்வரை போகலாம். ஒவ்வாமை என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது, அதில் புரதம் அப்படியே இருக்கிறது. நெய்யும் கூடாது. உருக்கி வடித்தாலும் புரதம் சிறிது தங்கிவிடும், "நெய்தானே" என்று பெரியவர்கள் ஒரு கரண்டி விடுவது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் பிழை. ஆட்டுப்பாலும் மாற்று ஆகாது, புரதங்கள் மிக நெருங்கியவை.

கனடாவில் பால் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். பொருள் பட்டியலிலோ, அதன் கீழே 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் வரியிலோ இருக்கும். பிரெஞ்சுப் பக்கம் 'லே' (lait) என்று வரும். 'மே கன்டெய்ன்' வரியையும் விடாதீர்கள். 'நான்-டெய்ரி' என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் வாங்க வேண்டாம், கேசினேட் (பால் புரதம்) சேர்த்த காப்பிக் கிரீமர்கள் அந்தப் பெயரில் வருவதுண்டு.

இந்தத் தட்டுகளில் பால் ஒளிந்து வரக்கூடிய இடங்கள்: மார்ஜரின், ரொட்டித்தூள், ஸ்டாக் கட்டி, உடனடி மசியல் பொடி. கல்லடுப்பு சொன்ன ரொட்டித்தூளையும் ஸ்டாக்கையும் அட்டை பார்த்தே வாங்குங்கள்.

பலரும் மறப்பது வான்கோழி. அதன்மேல் வெண்ணெய் தடவிச் சுட்டால், சொட்டும் சாற்றில் காய்ச்சும் கிரேவியிலும் பால் இருக்கும். அதை மசியல்மேல் ஊற்றினால் இவ்வளவு பாடும் வீண். வான்கோழிக்கும் எண்ணெயே தடவுங்கள். சுவைநீரை ஊசியால் ஏற்றி விற்கும் பறவையானால் அதன் பொருள் பட்டியலையும் பாருங்கள். பரிமாறும் கரண்டி தட்டுக்குத் தட்டு மாறாமல் இருக்கட்டும். முந்திரி அரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால், கொட்டை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முதலில் கேளுங்கள். சோயாவுக்கும் அப்படியே.

இரண்டாம்பால் எழுதியது:

இவ்வளவு யோசிக்கிற இடத்தில, எங்கட யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்குப் பால்கறியை ஒருத்தரும் சொல்லேல்லையே. அது பிறந்ததிலிருந்தே பசும்பால் இல்லாத கறி. நத்தார் மேசையில வான்கோழிக்குப் பக்கத்தில வைச்சாலும் நல்லாப் பொருந்தும்.

கிழங்கு 1 கிலோ, 3 செ.மீ. துண்டு. சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சை மிளகாய் 4, பூண்டு 4 பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, இருந்தால் றம்பை (பாண்டன் இலை) ஒரு துண்டு. டின் பால் 400 மி.லி. எண்டால் அதில 250 மி.லி.யை முதற்பாலாக எடுத்து வையுங்கோ. மிச்சம் 150-ஓட தண்ணி 300 மி.லி. கலந்தால் இரண்டாம் பால்.

முதற்பாலைத் தவிர மற்ற எல்லாத்தையும் சட்டியில ஒண்டாப் போட்டு, இரண்டாம் பாலை விட்டு, மூடி 15–18 நிமிஷம் அவியவிடுங்கோ. கிழங்கு அவிஞ்ச பிறகு நாலைஞ்சு துண்டை அகப்பையால நசியுங்கோ, குழம்பு தானாத் தடிக்கும். உப்புப் போட்டு முதற்பாலை விட்டு, பொங்கி எழும்ப முதல் இறக்கிப்போடுங்கோ. தேசிப்புளி (எலுமிச்சைச் சாறு) ஒரு தேக்கரண்டி, அதுவும் அடுப்பால இறக்கின பிறகுதான். கல்லடுப்பு சொன்ன புளிப்பு விஷயம் இஞ்சையும் அதே.

பிள்ளையளுக்கு எண்டால் மிளகாயை வெட்டாமல் நுனியை மட்டும் கீறிப் போட்டு, இறக்கேக்க எடுத்து விடலாம். மேசையில 'தேங்காய்ப்பால் கறி' எண்டு எழுதி வையுங்கோ. பால்கறி எண்ட பேரைக் கேட்டு அந்தப் பிள்ளையின்ர தாய் பயப்பிடக் கூடாது.

பனிக்காலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வாமைதான், லாக்டோஸ் இல்லை. வான்கோழிக் கிரேவி என் தலையில் உதிக்கவே இல்லை, எண்ணெய்க்கு மாற்றிவிட்டேன். கொட்டை, சோயா இரண்டும் அந்தக் குழந்தைக்கு ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல்லடுப்பு சொன்ன அளவில் பாதி செய்து பார்த்தேன். சாஸ் திரியவில்லை, நடுவிலும் வெந்தது. இனி ஓவன் கணக்குதான். ஒரே ஓவன், வான்கோழி 325 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

கல்லடுப்பு எழுதியது:

அடுக்குத் தட்டை 24-ஆம் தேதியே மூடி வைத்து வேகும் கட்டம்வரை முடித்துவிடுங்கள். ரொட்டித்தூள் போட வேண்டாம். ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போகட்டும். பச்சைக் கிழங்கை அடுக்கி இரவெல்லாம் வைத்தால் கறுக்கும், அது வேண்டாம்.

25-ஆம் தேதி வான்கோழி வெளியே வர 45 நிமிடம் இருக்கும்போது, மூடிய தட்டை 325 டிகிரியிலேயே ஓவனின் இன்னொரு கம்பித்தட்டில் வையுங்கள். பறவையை எடுத்து வெட்டும்முன் 30–40 நிமிடம் ஆறவிடத்தானே போகிறீர்கள்? அந்த இடைவெளியில் ஓவனை 400-க்கு ஏற்றி, மூடியை எடுத்து, ரொட்டித்தூள் தூவி 15–20 நிமிடம் சிவக்க வையுங்கள். குளிரில் சாஸ் கட்டியாகியிருந்தால் சூடாக்கும்முன் சூடான ஸ்டாக் 60 மி.லி. ஓரமாக ஊற்றுங்கள். கண்ணாடித் தட்டானால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி வெளியே வைத்தபின்தான் ஓவனுக்குள். நேராக வைத்தால் வெடிக்கக்கூடும்.

குன்னூர்க்கிழங்கு எழுதியது:

மசியலை முதல் நாள் செய்யாதீர்கள். குளிரில் மாவுச்சத்து மீண்டும் இறுகி மணல்மணலாகும், சூடாக்கினாலும் பழைய பதம் முழுதாக வராது. அன்றே, விருந்துக்கு ஒன்றரை மணி நேரம் முன் செய்து, ஸ்லோ குக்கரில் எண்ணெய் தடவி 'வார்ம்' நிலையில் வையுங்கள். அரைமணிக்கு ஒரு முறை ஓரத்திலிருந்து புரட்டி, இறுகினால் எடுத்து வைத்த கிழங்குநீரைச் சூடாக்கி இரண்டு கரண்டி ஊற்றுங்கள். சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. சுட்ட பூண்டை மட்டும் முதல் நாளே செய்து, பிதுக்கி, எண்ணெய் விடாமல் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

பனிக்காலம் எழுதியது:

கடைசியாக ஒன்று. என் ஸ்டாக் கட்டியில் உப்பு இருக்கிறது, பால் இல்லை. சாஸில் 15 கிராம் உப்பு அப்படியேவா?

கல்லடுப்பு எழுதியது:

வேண்டாம். 450 மி.லி.க்கு எத்தனை கட்டி கரைக்கிறீர்களோ, அட்டையில் ஒரு கட்டிக்கு எவ்வளவு சோடியம் என்று பாருங்கள். சோடியம் 400 மி.கி. என்றால் ஏறக்குறைய 1 கிராம் உப்பு. அந்தக் கணக்கை 15-இலிருந்து கழித்துக்கொண்டு, கிழங்கு போடும்முன் சாஸை ருசி பாருங்கள். அந்த நேரத்தில் நாக்குக்கு உப்பு ஒரு பிடி தூக்கலாகத் தெரிய வேண்டும், மிச்சத்தைக் கிழங்கு இழுத்துக்கொள்ளும்.